திரியில் நெருப்பு

கேள்வி: எங்கள் ஊரில் பந்தை அருமையாக உதைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். பெரிய கிளப்பின் முதல் அணிக்குப் போக என்ன வேண்டும்?
– வாசகர், காரியாபட்டி

பதில்: பட்டாசுச் சீமைக்காரருக்குத் தெரியாததா? மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், திரியில் நெருப்பு வைக்க ஒரு கை வேண்டும். கால்பந்தில் அந்த நெருப்புக்குப் பெயர், ஆடக் கிடைக்கும் நிமிடங்கள். சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை 2017 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணி நம்பி இறக்கியது. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது, அந்த ஒரே கோல் அவர் அடித்ததுதான்! வெளியே உட்காரவைத்தால் எந்தத் திறமையும் நமத்துப்போகும். உங்கள் பையன்களை வாராவாரம் ஆடவிடுங்கள். ஒரு ஆட்டத்தில் சொதப்பினாலும் அடுத்ததிலும் இறக்குங்கள். சத்தம் தானாகக் கேட்கும்!