புரிந்ததா?

(ஆசிரியர் அறை, இடைவேளை. ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதரும் இளம் விஞ்ஞான ஆசிரியரும்.)

ஆசிரியர்: ஐயா, இன்று நாற்பது நிமிஷத்தில் அறுபது கேள்விகள் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் வகுப்பு முழுவதும், திருவிழாவில் கோவிந்தா போடுவதுபோல, ஒரே குரலில் விடை முழங்கக் கேட்டு நானே புளகாங்கிதம் அடைந்தேன்.

பண்டிதர்: சந்தோஷம், தம்பி. அவ்வறுபதில் 'புரிந்ததா?' எத்தனை?

ஆசிரியர்: நாற்பது இருக்கலாம்.

பண்டிதர்: தான் அறிந்ததை மாணாக்கனும் அறிவானா என்று ஆசிரியன் கேட்பது அறிவினா, அறியாதவன் அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா, இன்னும் ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுத்துவைத்தாரே, உமது 'புரிந்ததா?' அவற்றுள் எது?

ஆசிரியர்: அறிவினா, சந்தேகம் என்ன?

பண்டிதர்: அன்று, ஏவல். இலையைப் போட்டுவிட்டுத் தாய் 'சாப்பிட்டாயா?' என்பது உண்ணச் சொல்வதற்கு, நீர் 'புரிந்ததா?' என்பது 'புரிந்தது' என்று சொல்லச் சொல்வதற்கு. இல்லையென்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தைரியம் உண்டு?

ஆசிரியர்: இதற்கெல்லாம் சாஸ்திரமே படித்தவன் நான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக்கினாலே விடைகள் நீள்வதோடு, பிள்ளைகள் தாமும் கேள்வி கேட்கத் தலைப்படுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை, பயிற்சிக் கல்லூரிப் பரீட்சையில் மூச்சு விடாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றேன்.

பண்டிதர்: மூச்சு விடாமலா! வகுப்பில் எத்தனை வினாடி பொறுப்பீர்?

ஆசிரியர்: பாடத்திட்டம் பொறுக்குமா? விடையை நானே சொல்லிவிடுவேன்.

பண்டிதர்: பிள்ளைகள் கேட்டால்?

ஆசிரியர்: பகலிலும் நிலவு தெரிகிறதே, எப்படி என்று நேற்று ஒருவன் கேட்டான். அது அடுத்த பருவத்துப் பாடம் என்று சொல்லி வெளியே நிற்க வைத்தேன்.

பண்டிதர்: அங்கேயாவது நிலவைப் பார்த்திருப்பான். எங்கள் காலத்தில் வினாவை அடுத்து அடி விழும். 'வினாடி' என்ற சொல் அப்படித்தான் புணர்ந்ததோ என்று, இலக்கண விரோதமாயினும், எனக்கு நெடுநாள் ஐயம்.

ஆசிரியர்: உங்களுக்கு வேடிக்கை, எனக்குத் தேர்ச்சி விகிதம். பொதுத்தேர்வில் 'ஏன்?' என்று வரும் கேள்விகளுக்கும் விடைகளை உருப்போட வைத்திருக்கையில், பிள்ளைகள் சிந்தித்துக் காலவிரயம் செய்வானேன்? என் முறையில் குற்றம் உண்டா, சொல்லுங்கள்.

(பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறு யோசிக்கத் தொடங்குகிறார்.)

ஆசிரியர்: இல்லையென்றே கொள்கிறேன். மணி அடித்துவிட்டது, வருகிறேன், ஐயா.