தாயைக் கழித்தால் சேய்

கேள்வி: கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைத் தாயின் துடிப்பிலிருந்து பிரிப்பது எப்படி?

பதில்: தாயின் துடிப்பைத் தாயின் துடிப்பாலேயே அடக்கித்தான்! வயிற்றில் ஒட்டும் மின்வாய்களில் இரண்டும் கலந்து பதிவாகும், தாயுடையதே ஓங்கியிருக்கும். மார்பு மின்வாய்களிலோ தாயுடையது மட்டும். மார்புச் சமிக்ஞையை ஒரு வடிகட்டியால் பக்குவப்படுத்தி வயிற்றுச் சமிக்ஞையிலிருந்து கழித்தால், எஞ்சுவதில் குழந்தையின் துடிப்பு தெளிவாகத் தெரியும்.

மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வடிகட்டி தன்னையே திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கான எல்.எம்.எஸ். வழிமுறையை 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய ஆய்வு மாணவர் டெட் ஹாஃபும் (பின்னாளில் இன்டெல் 4004 நுண்செயலியின் கட்டமைப்பை வகுத்தவர்) கண்டார்கள். சில பெருக்கல், சில கூட்டல், அவ்வளவுதான். அந்த எளிமைதான் அதன் பேரழகு. கரு இதயத்துக்கு அதைப் பயன்படுத்திக் காட்டிய விட்ரோ குழுவின் கட்டுரை 1975-இல் வந்தது. தொலைபேசியில் எதிரொலியை நீக்குபவையும் இதே வழிமுறையின் வாரிசுகள்தான்.