எஃப்.சி. காட்டாத வண்டி

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வேறு செலவு எதுவும் நடக்காது. பள்ளிக்கூடச் சீருடை, பாட்டியின் மூக்குக் கண்ணாடி, ஓட்டு வீட்டின் ஒழுகல், எதைக் கேட்டாலும் அம்மாவிடமிருந்து ஒரே பதில்தான்: "வண்டிக்கு எஃப்.சி. காட்டிட்டு வரட்டும்டி, அப்பறம் பாக்கலாம்." 1993-இல் எனக்குப் பத்து வயது. புதுச்சேரிக் கடலோரத்தில், எங்கள் ஊரான பிள்ளைச்சாவடியில் அப்பா ஓட்டிய அம்பாசடர் டாக்ஸிக்கு ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச்சான்று வாங்க வேண்டும். தகுதிச்சான்று என்ற சொல்லை அன்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எஃப்.சி.தான். அதைப் பார்ப்பவரும் எங்களுக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் இல்லை, பிரேக் இன்ஸ்பெக்டர்.

ஒரு மாதம் முன்பே வண்டி வில்லியனூருக்குப் போய்விடும். தேரோடும் வீதிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் மேஸ்திரியின் பட்டறை. விடுமுறை நாளென்றால் நானும் கூடப் போவேன். மேஸ்திரி முதலில் கால்மிதிகளைத் தூக்கி வெளியே போடுவார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் தரைத் தகட்டைக் குத்திக்கொண்டே வருவார். டொக் டொக்கென்று சத்தம் வந்தால் நல்ல இரும்பு. சத்தமில்லாமல் உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். எங்கள் ஊர்க் காற்று இரும்பைத் தின்கிற காற்று. அதோடு, மீன்கூடை ஏற்ற மாட்டேன் என்று அப்பாவால் ஊர்ச் சனத்திடம் சொல்ல முடியாது. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் டிக்கியிலிருந்து கசிந்து தகட்டுக்கு அடியில் தங்கிவிடும். ஒரு வருஷம் நான் எண்ணியபோது பதினோரு வட்டங்கள் இருந்தன. அத்தனையையும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் பட்டி பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும்.

அடுத்தது சக்கரம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின் தேய்ந்திருப்பது கைக்குத் தெரிந்துவிடும். எனக்கும் அசைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நான்கையும் கழற்றி, ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். கடைசியாக, எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்புச் சாயம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காட்டப்போகும் வண்டியில் இருந்த எல்லாமே எங்களுடையது இல்லை. காலாப்பட்டுப் பக்கம் மூன்று டாக்ஸிக்காரர்களுக்கு ஒரே முதலுதவிப் பெட்டிதான் இருந்தது. யாருக்கு எஃப்.சி.யோ அவர் வண்டியில் அன்றைக்கு அது இருக்கும். ஒரு வருஷம் பின்னால் இருந்த இரண்டு டயரும் இரவல். சாயங்காலம் வீடு திரும்பியதும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய வழுக்கை டயரை மாட்டிக்கொண்டு மறுநாள் திருப்பதி சவாரிக்குப் போனார் அப்பா. அன்று அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. அந்த வண்டியில் போனவர்கள் ஏழு பேர், அதில் ஒரு கைக்குழந்தை. இன்று அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

1993 ஆனியில் பிரேக் இன்ஸ்பெக்டர் அப்பாவின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு. நான் சொன்னதும் புடி" என்றார். எஃப்.சி. காட்டும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வேகமெடுத்துப் போய்க் கிறீச்சிட்டு நின்றது. அவர் இறங்கி வந்து, மண்ணில் விழுந்திருந்த டயர்த் தடங்களைக் குனிந்து பார்த்தார். இடது தடம் அழுத்தமாக இருந்தது, வலதில் பாதிகூட இல்லை.

"இடதுபக்கம் இழுக்குதே, தெரியலையா?"

"லேசா இழுக்கும் சார். பழகிடுச்சு."

"எதுக்குப் பழகறதுன்னு இல்லையா? சரிபண்ணிட்டு மறுபடி காட்டு."

எட்டு நாள் சவாரி இல்லை. ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு பிரசவக் கேஸை வேறு வண்டிக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மா அந்த மனிதரைத் திட்டாத நாளில்லை, நானும் சேர்ந்து திட்டினேன். வில்லியனூரில் வலது முன்சக்கர டிரம்மைக் கழற்றியபோது உள்ளே பிரேக் ஆயில் கசிந்து, ஷூ ஊறிப்போய்ப் பளபளத்தது. மேஸ்திரி முன்பு பார்த்து மாட்டியதற்கும் காட்டிய நாளுக்கும் இடையில் ரப்பர் கிழிந்திருக்கிறது. அப்பா அந்த ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினார். "காட்டாம இருந்தா தெரிஞ்சிருக்காதே" என்று மட்டும் சொன்னார்.

2011 பிப்ரவரியில் நான் சொந்தமாகச் சின்னக் கார் ஒன்று வாங்கினேன். கல்லூரி ஆசிரியை வேலை, வங்கிக் கடன், வெள்ளை நம்பர் பலகை. பதிவுச் சான்றான ஆர்.சி. அட்டையில் 2026 பிப்ரவரி வரை செல்லும் என்றிருந்தது. பதினைந்து வருஷம்! அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "நடுவுல எங்கயும் காட்ட வேணாமா?" வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகை வண்டி, சரக்கு வண்டி, பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்குத்தான் தகுதிச்சான்று கேட்கிறது. இப்போது எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும். சொந்தக் காருக்குப் பதிவே பதினைந்து ஆண்டுக்கு. அது முடிவதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் படிவம் 25-ஐக் கொடுத்து, வண்டியை நேரில் காட்டினால் இன்னும் ஐந்து ஆண்டு. காருக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்து, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இடையில் கேட்பது புகைச் சான்றும் இன்சூரன்சும் மட்டும். புகைக்குழாய்க்குள் குழாயை விட்டுப் பார்க்கிறவருக்கு என் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்தச் சான்று கைக்கு வந்ததும் 'வண்டி சரியாக இருக்கிறது' என்றுதான் வருஷா வருஷம் நினைத்துக்கொண்டேன். என் சக ஆசிரியர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அப்பா அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதே இல்லை. அன்று எங்கள் ஊர் வழியாகப் போனது குறுகலான சாலை. சென்னைக்குப் போகிறவர்கள் திண்டிவனம் வழியாகத்தான் போவார்கள். இன்று அதே இடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை. நான் எண்பதில் போகிறேன், என்னை முந்துகிறவர்கள் நூறில் போகிறார்கள். ஊரில் கட்டுமரம் ஏற்றி வைத்த மணலைக் கடல் அரித்துக்கொண்டே வந்து வீடுகளுக்கு அருகில் நிற்கிறது. இரும்பைத் தின்கிற அந்தக் காற்று முன்பைவிடக் கிட்டத்திலிருந்து வீசுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தரையைக் குத்திப் பார்க்கப்பட்ட வண்டி அறுபதில் போனது. யாருமே அடியில் எட்டிப் பார்க்காத வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது.

என் காரின் அடியை ஒருவர் பார்க்க நேர்ந்ததே ஃபெஞ்சல் புயலால்தான். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த அந்தப் புயலில், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை. ரெயின்போ நகரில் தோழி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வில்லியனூருக்குக் கட்டி இழுத்துப் போனோம். வேப்பமரமும் மேஸ்திரியும் இப்போது இல்லை. வேறொரு தம்பியின் பட்டறை, லிஃப்ட் வைத்திருக்கிறார். வண்டி மேலே போனதும் நான் முதன்முறையாக என் காரின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். பதிமூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

"டீச்சர், இங்க வாங்க. தண்ணிய விடுங்க, அது காஞ்சிடும். இதப் பாருங்க."

பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப், கிளிப் பிடித்திருந்த இடத்தில் துருவேறி உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாலே செதில் உதிர்ந்தது.

"இது வெள்ளத்துனாலயா தம்பி?"

"ஒரு நாள் தண்ணியில இப்படி ஆவுமா? நாலஞ்சு வருஷத் துரு. மெதுவா மிதிக்கறப்ப தாங்கும் டீச்சர். குறுக்க எவனாவது வந்து நீங்க அழுத்தி மிதிக்கறப்பதான் பிய்க்கும்."

அவர் நிறுத்தவில்லை. பிரேக் ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்தால் சூட்டில் ஆவியாகி, மிதிக்கும்போது பெடல் வெறுமனே இறங்கிவிடும் என்று விளக்கினார். பின் டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களைக் காட்டினார்: 1513. அது 2013-ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவில்லை, 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிற விதியை அது தாராளமாகத் தாண்டும். ஆனால் ரப்பர் முழுக்க மயிரிழை வெடிப்பு. இந்த வண்டியில்தான் என் மகளையும் அவள் தோழிகளையும் தினமும் பள்ளிக்கு ஏற்றிப்போனேன்.

அன்றிரவு சட்டத்தை எடுத்துப் படித்தேன். 190-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, ஆபத்தான குறைபாடுள்ள வண்டியை ஓட்டுவது குற்றம் என்கிறது. தெரிந்த குறைபாடு மட்டுமில்லை, சாதாரணக் கவனம் வைத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைபாடும்தான். அதாவது சொந்தக் காருக்குப் பிரேக் இன்ஸ்பெக்டரே வேண்டாம் என்று சட்டம் விட்டுவிடவில்லை. அந்த வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. கார் விற்றவரோ, கடன் கொடுத்தவரோ, ஓட்டுநர் பள்ளியோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பொங்கலுக்குப் பாரிசிலிருந்து வந்த சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அங்க நாலு வருஷம் ஆச்சுன்னா கொந்த்ரோல் தெக்னிக், அதான் அங்கத்த எஃப்.சி. அப்பறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, சொந்தக் காரா இருந்தாலும். பெரிய குறை இருந்தா ரெண்டு மாசத்துல சரிபண்ணி மறுபடி காட்டணும். கண்ணாடியில அடுத்த தேதி ஒட்டியிருக்கும், மறக்கவும் முடியாது." சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். புதுச்சேரியில் பிறந்து அங்கெல்லாம் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது போய்க் காட்டுகிறார்கள்.

காகிதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதும் எனக்குத் தெரியும். 2012 ஜூலையில் சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வில்லியனூர்ப் பட்டறைதான் கண்ணுக்குள் வந்தது. கால்மிதியைத் தூக்கி ஒருமுறை குத்திப் பார்த்திருந்தால் போதும். 2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் வந்திருக்கின்றன. அங்கே உருளைமேல் வண்டியை ஏற்றினால் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலத்தையும் இயந்திரம் தனித்தனியே எண்ணாகச் சொல்லிவிடும், மண்ணில் தடம் பார்க்க வேண்டியதில்லை. அது சொந்தக் கார்களுக்கும் மூன்றாவது வருஷத்திலிருந்தே வர வேண்டும். கட்டணம் கட்டவும் ஒரு நாள் விடுப்பு எடுக்கவும் நான் தயார்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று 2025 ஆனி மாதத்தை நானே குறித்துக்கொண்டேன். பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு, தரை. அப்பாவையும் கூட்டிப்போனேன். எண்பதை நெருங்குகிறார், ஒரு கண்ணில்தான் பார்வை. பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தம்பி புதுப் பைப்பை டார்ச் அடித்துக் காட்டினார், பிரேக் ஆயில் புட்டியைக் காட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கால்மிதியத் தூக்கினீங்களா?" என்று கேட்டார்.

தூக்கவில்லை. தம்பி லிஃப்டை இறக்கினார். அப்பா ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, டிரைவர் சீட்டுக்கு முன்னால் குத்த ஆரம்பித்தார். டொக். டொக். டொக். கிளட்ச் பெடலுக்குக் கீழே சத்தம் வரவில்லை.

"சாக்பீஸ் இருக்கா தம்பி?" என்றார்.