கவுன்சிலருக்கு எதற்கு இணையதளம்?

கேள்வி: உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளர்கள் வாக்காளர்களோடு பேச இணையதளம் வைத்துக்கொண்டால் என்ன? (வாசகர், ஆலங்காயம்)

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் 2022 பிப்ரவரி 19 பேரூராட்சித் தேர்தலில் நின்றவருக்கு வார்டு என்பதே நாலு தெருதான். அதற்கு வாட்ஸ்அப் குழுவே ஜாஸ்தி. காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங், மாலையில் சின்னம். நடுவில் "தண்ணி ஏன் வரல?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டால், அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று பூட்டு! இணையதளத்தில் போட்ட வாக்குறுதியோ ஐந்து வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். அந்த வம்பை யார் விலைக்கு வாங்குவார்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஜெயித்த கவுன்சிலரைத் தேட அதைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில்தான் அதற்கு வேலை. அவரும் அப்போதுதான் வீடு திரும்புவார்.