ஒரு சொல்லின் வெண்கொற்றக் குடை

பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து எத்தனையோ நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டது புதுச்சேரி. ஆனாலும் பிரசவ வார்டு வாசலில் கூடும் பாட்டிமார் மன்றத்துக்கு நிகராக ஒன்று அமையவே இல்லை. குழந்தை உதடு பிளந்து பிறந்திருக்கிறது என்ற சேதி உள்ளிருந்து வந்ததும் விசாரணை தொடங்கிவிடும்: "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாடி?" வாய்தா கிடையாது, வக்கீல் செலவு கிடையாது. குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் வேலையும் இல்லை. தையல் போட்ட வயிற்றோடு கட்டிலிலேயே படுத்திருக்கிறாள். கிரகணம் பொருந்தாவிட்டால் பப்பாளி, அதுவும் பொருந்தாவிட்டால் போன ஜென்மம். அவள் விடுதலையானதாக ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை.

மருத்துவமனைக்காரர்கள் அப்படி முரடர்கள் அல்லர். "பிறவியிலேயே அப்படிம்மா" என்று ஒரே சொல்லில் எல்லோரையும் மன்னித்துவிடுவார்கள். உதட்டுப் பிளவுக்கும் இதய ஓட்டைக்கும் பெரும்பாலும் யாரும் பொறுப்பில்லை என்பது மெய்தான். அந்த மெய்யின் பெருந்தன்மையைத்தான் சொல்ல வந்தேன். அரசனின் வெண்கொற்றக் குடை போல அது தன் குடிகளுக்கு மட்டும் நிழல் தருவதில்லை, வழிப்போக்கரையும் அழைத்துக்கொள்கிறது. வலி கண்டு நெடுநேரம் யாரும் எட்டிப் பார்க்காததால் மூச்சுத் திணறிய குழந்தைக்கும் அங்கே இடம் உண்டு. ஸ்கேனில் தெரிந்தும் சொல்லாமல் விட்ட முதுகுத்தண்டுக் குறைக்கும் உண்டு. எல்லாம் பிறவி.

இந்த நிழலின் குளுமையை அறிய நம் ஊர் ரயில் போய்ச் சேரும் எழும்பூர் வரை போகலாம். அங்குள்ள அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று ஒரு பெண் குழந்தை 29 வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, ரத்தம் ஏற்றி, கிட்டத்தட்ட 25 நாளில் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இது கிண்டலல்ல, அந்த எடையில் ஓர் உயிரைக் காப்பது பெரிய காரியம். அப்படிப் பிழைக்கும் பிள்ளையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். மூன்று நான்கு வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். காலத்தோடு கண்டால் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் இந்த அற்பச் செய்தியைச் சொல்லிப் பெற்றோரைக் கலவரப்படுத்த அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. கிருமி அண்டாமல் நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கிடைத்த அறிவுரை. பெற்றோர் அப்படியே செய்தார்கள். ஒரு கிருமியும் அண்டவில்லை.

நாலரை மாதத்தில் தடுப்பூசி போடப் போன இடத்தில், மும்பையில், வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வழக்கு 1998இல் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. ஆணையம் அவசரப்படவில்லை. அவசரத்தில் தவறு நேர்ந்துவிடும் என்பது மருத்துவத்தைவிட நீதித்துறைக்கு நன்றாகத் தெரியும். 2009இல் 5 லட்சம் ரூபாய் என்று சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று, எதிர்காலச் சிகிச்சைக்கு 1 கோடியே 38 லட்சம், அதுவரை செலவழித்ததற்கு 42,87,921 ரூபாய் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தொகைக்கான கணக்கில் மருத்துவச் செலவு ஆண்டுக்கு 1 விழுக்காடு ஏறும் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விலைவாசி நிலவும் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானும் குடிபோவேன். தீர்ப்பு வந்த நாளில் அந்தக் குழந்தைக்கு வயது பதினெட்டு முடிந்து பத்து மாதம்.

நம் ஊர் ஏழைத் தாய்க்கு இத்தனை அலைச்சலும் வேண்டாம் என்று 1995லேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அதே தீர்ப்பில், எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் மருத்துவமனைக்கு விலக்கு உண்டு. அங்கே காசு கொடுக்காதவள் நுகர்வோர் அல்ல. ஆகவே அந்தக் கதவைத் தட்டும் சிரமம் அவளுக்கு இல்லை. காசு கொடுத்தவளுக்கு இரண்டு ஆண்டுக் கெடு. பிள்ளை ஏன் இன்னும் உட்காரவில்லை, ஏன் பேசவில்லை என்று புரிந்து, மாமியாரிடம் பேச்சு வாங்கி, கோயில் குளம் சுற்றி முடிக்கச் சரியாக அவ்வளவு காலம் ஆகும்.

கேஸ் ஷீட்டுக்கும் வழி இருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2002இல் விதி செய்தது. அருமையான விதி. ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் பார்த்த வேல்களைப் போல நெய் பூசிப் பளபளக்கிறது. முனை மழுங்கியதே இல்லை.

நம் பழைய எஜமானர்களையும் விட்டுவிடக் கூடாது. தாய்க்கு வந்த ரூபெல்லாவைப் பரிசோதனையில் தவறவிட்டதால், ஊனத்தோடு பிறந்த பெருஷ் என்ற பிள்ளையே இழப்பீடு கேட்கலாம் என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2000 நவம்பரில் சொன்னது. மருத்துவர்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் பதறிவிட்டார்கள். 2002 மார்ச்சில் சட்டம் வந்தது: பிறந்ததையே ஒரு பாதிப்பாகக் காட்டி யாரும் இழப்பீடு கேட்க முடியாது, ஊனத்தால் வரும் வாழ்நாள் செலவை நாடே பார்த்துக்கொள்ளும். முதல் பாதியை நாம் சட்டமே இல்லாமல் கடைப்பிடிக்கிறோம். இரண்டாம் பாதியைச் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷனோடு சேர்த்து பிரான்சுக்கே விட்டுவைத்திருக்கிறோம்.

2013இல் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. குழந்தைகளைத் தேடிப்போய்ப் பரிசோதிக்க ஒரு திட்டம், அதில் 30 நோய்நிலைகளின் பட்டியல். எழும்பூர்க் குழந்தையின் பார்வையைப் பறித்த விழித்திரை நோயும் அதில் இருக்கிறது. பிறந்து சில வாரம் கழித்து வளரும் அந்த நோயை எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன்.

பிறவிக் குறைபாடுகள்.