கட்டை இறங்கினால் சுருதி இறங்குமா?

கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்குவது பற்றியும், வாங்கிய பின் அதற்கு மின்சாரம் ஊட்டுவது பற்றியும் கடலூர், சிதம்பரம், குடிகாடு வட்டாரத்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இப்பகுதி விடை தருகிறது.

கேள்வி (சிதம்பரம்): சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கிவரச் சொன்னால், அது நம்மூர் கரண்டுக்கு ஒத்துவருமா?

பதில்: மாமா வருவது சிங்கப்பூரிலிருந்து என்றால் சிக்கல் பிளக்கின் பின்னோடு முடிந்துவிடும், ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிறார் என்றால்தான் அடாப்டரின் முதுகில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்டிருக்கும் எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டியிருக்கும். மின்சாரத்தைக் கம்பியில் தள்ளும் அழுத்தத்தை வோல்ட் என்றும், மாறுமின்னோட்டம் ஒரு நொடிக்குள் எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கை ஹெர்ட்ஸ் என்றும் குறிப்பர். இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்; சிங்கப்பூரிலும் அதே அளவுதான் என்பதால், அங்குள்ள பட்டைப் பின்னை இங்குள்ள உருண்டைத் துளைக்குப் பொருத்தும் மாற்று பிளக் ஒன்று போதும். ஜப்பானிலோ 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். மாற்று பிளக் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் தொடாது என்பதை மறந்து, ‘100 வோல்ட்’ என்று மட்டும் எழுதியுள்ள பழைய ஜப்பானிய அடாப்டரை நேரே சுவரில் செருகினால், சில நிமிடங்களில் கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை எழும். அதன் பிறகு அந்த அடாப்டரை யாராலும் மீட்க முடியாது. ‘இன்புட்’ என்ற வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அந்த அடாப்டர் எந்த நாட்டுச் சுவரிலும் வேலை செய்யும். இல்லையென்றால், வீட்டு மின்சாரத்தை 100 வோல்ட்டாகத் தாழ்த்தித் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று இடையில் நிற்க வேண்டும்.

இக்காலக் கருவிகளில் பெரும்பாலானவை 5 வோல்ட் யு.எஸ்.பி. வழியே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், வீட்டில் இருக்கும் நல்ல போன் சார்ஜரே அவற்றுக்கு அடாப்டராகிவிடும். யு.எஸ்.பி. இல்லாமல் உருண்டை முனை கொண்ட பழைய வகையாக இருந்தால், அந்த முனையின் நடுவில் நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் சிறு வட்டப் படம் கருவியிலும் அடாப்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகலாம். முனை பொருந்துவதாலேயே மின்னும் பொருந்திவிடாது.

கேள்வி (கடலூர் முதுநகர்): அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரில், அங்கே பாட்டி பாடிப் பதிந்த பாட்டைப் போட்டால் ஆண்குரல் போலக் கேட்கிறது. பாட்டிக்கு அன்று தொண்டை கட்டியிருந்ததா?

பதில்: பாட்டியின் தொண்டையில் குறையில்லை, குறை மோட்டாரின் சுழற்சியில் இருக்கிறது. அக்காலத்து டேப் ரெக்கார்டர்கள் பலவற்றில் நாடாவை இழுக்கும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றியே அமையும் என்பதால், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த கருவி இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைச் சரிசெய்யுமே தவிர ஹெர்ட்ஸைச் சரிசெய்யாது. வேகம் குறைந்த அளவுக்குச் சுருதியும் இறங்கும். கணக்கிட்டால் அது மூன்று சுரத்தானங்களுக்குச் சற்று அதிகம். சங்கீதக்காரர் பேச்சில் சொன்னால், ஐந்து கட்டையில் பாடிய பாட்டி மூன்று கட்டைக்கு வந்துவிடுகிறார். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டையை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கு. ஒரு கட்டை மேல்நாட்டு ‘சி’ சுரத்துக்கும், ஐந்து கட்டை ‘ஜி’ சுரத்துக்கும் நிகர். நாடாவை இங்கேயே ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டு, பின் அந்தப் பதிவின் வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால் பாட்டி தம் சுருதிக்குத் திரும்பிவிடுவார்.

ஜப்பானுக்குள்ளேயே இந்தச் சங்கடம் உண்டு. 1890களின் நடுவில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின்னாக்கியையும், ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கியையும் தருவித்ததன் விளைவாக, இன்றளவும் அந்நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. ஜப்பானியப் பழம்பொருள் வாங்குவோர் ‘எந்த ஊர்’ என்றும் விசாரிப்பது நல்லது.

கேள்வி (சிதம்பரம்): பேட்டரிக்கும் கட்டை என்றுதான் பெயர். அந்தக் கட்டை இறங்கினாலும் சுருதி இறங்குமா?

பதில்: இரண்டு கட்டைகளும் பழைய கருவிகளில் மெய்யாகவே கைகோத்திருந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு சரியாக இல்லாத மலிவான கேசட் கருவியில் பேட்டரி கட்டை தளர்ந்தால் மோட்டார் தளரும், பாட்டின் சுருதி இறங்கும். இது பலரும் கேட்டறிந்தது. பலரும் எண்ணிப் பாராதது இதன் மறுபக்கம்: பதியும்போது கட்டை தளர்ந்திருந்து, பின்னர் புதுக் கட்டை போட்டுக் கேட்டால், மெதுவாகப் பதிந்த நாடா முழு வேகத்தில் ஓடுவதால் சுருதி ஏறிவிடும். வெளிக்களத்தில் பதிவு செய்தவர்கள் இதனாலேயே நல்ல கருவிக்குப் பொன் கொடுத்தார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெபான் குடெல்ஸ்கி 1951இல் உருவாக்கிய நாக்ரா கருவியின் (அப்பெயருக்குப் போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ என்று பொருள்) முதல் வடிவத்தில் நாடாவைச் சுழற்றியது சாவி கொடுத்து முறுக்கும் சுருள்வில். 1950களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் வடிவம் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய கட்டை 12இல் இயங்கியது. 1961இல் வந்த ஜெர்மனியின் ஊஹெர் ரிப்போர்ட் வகைக்கு அதே கட்டை ஐந்து போதும். அதற்கும் முன்னே, 1935 முதல் 1938 வரை நீலகிரி வட்டாரத்தில் ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ தோடர் பாடல்களைச் செவியால் கேட்டுக் கையால் எழுதியே தொகுத்தார்.

இன்றைய டிஜிட்டல் கருவியில் நேரத்தை அளப்பது நொடி பிசகாமல் அதிரும் குவார்ட்ஸ் படிகம் என்பதால், கட்டை எவ்வளவு தளர்ந்தாலும் சுருதி மயிரிழையும் இறங்காது. அதற்கு மாறாக வேறொரு கேடு நேரும்: குரல் தாழாது, ஒரேயடியாக நின்றுவிடும். கருவி பதிவை நிறுத்தும்போதுதான் ‘இவ்வளவு நீளம்’ என்று கோப்பின் தலைப்பில் எழுதி மூடுகிறது. அப்படி மூடுமுன் மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு திறக்காமலே போகக்கூடும். ஆகவே யு.எஸ்.பி. வழியே மின்சாரம் கொடுக்கும்போதும் உள்ளே நல்ல கட்டை இருக்கட்டும். கரண்டு போனால் அந்தக் கருவி தானே கட்டைக்குத் தாவுகிறதா என்பதை, வாங்கிய அன்றே பதிவு ஓடும்போது கம்பியைப் பிடுங்கிப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி (கடலூர்): ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் நெய்வேலி இதே மாவட்டத்தில் இருக்க, கட்டை எதற்கு?

பதில்: விளக்கடி இருட்டு என்பது இதற்கும் பொருந்தும். 1962 முதல் நெய்வேலியில் உற்பத்தியாகும் அனல்மின்சாரம் உயரழுத்தக் கோபுரங்களின் வழியே தொலைதூரம் போகிறது. தெருவின் கடைசி வீட்டுக்கு வரும் மின்சாரமோ தெருமுனை டிரான்ஸ்பார்மரையும் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் பொறுத்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததை இம்மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (கிள்ளை): பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியே போதுமா, வெளிநாட்டுப் பேட்டரியும் சேர்த்து வாங்க வேண்டுமா?

பதில்: கருவியை எந்த நாட்டில் வாங்கினாலும் அதன் தீனி பெட்டிக்கடையில் கிடைக்க வேண்டும் என்பதையே முதல் தகுதியாகக் கொள்ளலாம், தனக்கென்று தனி வடிவப் பேட்டரி கேட்கும் கருவியைவிட, ‘டபுள் ஏ’ எனப்படும் பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி இவ்வட்டாரத்துக்கு மேலானது. எனினும் ஒரே உருவத்தில் நான்கு வகைக் கட்டைகள் உண்டு. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவான துத்தநாக-கரிக் கட்டை ஒலிப்பதிவுக் கருவியின் பசிக்கு ஈடுகொடுக்காது. ஆல்கலைன் கட்டை ஈடுகொடுக்கும். அதன் அழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கிச் சீராக இறங்கிக்கொண்டே வரும். மறுபடி மறுபடி சார்ஜ் செய்யத்தக்க நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு கட்டை 1.2 வோல்ட்டில் நெடுநேரம் நிலையாக நின்று, முடியும் தறுவாயில் மடமடவென்று விழும். இந்த வேறுபாட்டால், கருவியின் மெனுவில் எந்த வகைக் கட்டை என்று குறிக்காவிட்டால் திரையிலுள்ள பேட்டரிப் படம் பொய் சொல்லும். நாலாவது வகை ஆபத்தானது: ‘14500’ என்று எழுதிய லித்தியம்-அயான் கட்டை பார்ப்பதற்குப் பென்சில் பேட்டரி போலவே இருந்தாலும் 3.7 வோல்ட் தருவது. இரண்டைப் போட்டால் மூன்று வோல்ட்டுக்குச் செய்த கருவிக்குள் ஏழு வோல்ட்டுக்கு மேல் பாயும்.

பவர் பேங்கில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. போன் நிறைந்துவிட்டால் தானே அணையும்படி செய்த பவர் பேங்குகள் பல, சிறிய ஒலிப்பதிவுக் கருவி உறிஞ்சும் மிகக் குறைந்த மின்னோட்டத்தை ‘ஒன்றும் மாட்டவில்லை’ என்று எண்ணிப் பாதிப் பதிவில் அணைந்துவிடுகின்றன. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் பேச்சைப் பதியும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது நன்று. கடலோர உப்புக்காற்று கட்டையின் முனைகளைப் பச்சை பூக்க வைக்கும் என்பதால், வேலை முடிந்ததும் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். ஆல்கலைன் கட்டை கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தினால், காரம் அமிலத்தில் முறிந்து முனை பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேள்வி (அண்ணாமலைநகர்): கருவியின் விளம்பரத்தில் ‘பேன்டம் பவர்’ என்றிருக்கிறதே. பேய் மின்சாரமா? மந்திரிப்பவரைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: மந்திரிப்பவர் வேண்டாம், கூடுதலாக இரண்டு கட்டை வேண்டும். கண்டென்சர் மைக் எனப்படும் நுண்ணிய ஒலிவாங்கிக்குள் ஒரு மின்சுற்று இருப்பதால் அதற்கு மின்சாரம் தேவை; அதற்கெனத் தனிக் கம்பி இழுக்காமல், ஒலியைக் கொண்டுவரும் இரு கம்பிகளிலும் சம அளவில் 48 வோல்ட் ஏற்றிவிடுகிறார்கள். மறுமுனைக் கருவி அவ்விரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே ஒலியாகக் கொள்வதால், இரண்டிலும் சமமாக நிற்கும் அழுத்தம் அதன் கண்ணுக்கே படுவதில்லை. இருந்தும் தெரியாததாகையால் அப்பெயர். 48 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு: 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக இம்முறையை அமைத்தபோது, நெடிய இருட்டுக்காலம் கொண்ட அந்நாட்டின் ஒலிக்கூடங்களில் அவசர விளக்குக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பென்சில் பேட்டரியின் மூன்று வோல்ட்டை 48 ஆக ஏற்றும் வேலை கட்டையின் ஆயுளை வெகுவாகக் குடிக்கும். பேச்சைப் பதிய, கருவியோடு வரும் மைக்கே பெரும்பாலும் போதும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): அன்பளிப்பு என்று எழுதிப் பார்சலில் அனுப்பச் சொன்னால் சுங்கவரி இல்லையாமே?

பதில்: அது பழைய கதை. அன்பளிப்பென்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வந்த பொருளுக்கு முன்பு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில், ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவை நீங்கலாக, எடுபட்டுவிட்டது. நேரில் கொண்டுவரும் பயணிக்கு உரிய வரம்புக்குள் வரி இல்லை. அவ்வரம்பு அவ்வப்போது மாறுவது ஆகையால் பயணத்துக்கு முன் பார்த்துக்கொண்டு, கடை ரசீதையும் கையோடு வைத்திருக்க வேண்டும். மாற்று லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதாவது வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிய தொகை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கு 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணியாவதால் தாராளமாக வரலாம். வெளிநாட்டில் வாங்கிய கருவிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது என்பதையும் கணக்கில் சேர்த்தால், விலை வித்தியாசம் சொற்பமாக இருக்கும்போது உள்ளூரில் வாங்குவதே லாபம்.

கேள்வி (குடிகாடு): 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வருமுன் உப்பனாறும் வயலும் எப்படி இருந்தன என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் பதிய ஆசை. பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கூடவே வருகிறது. வெளிநாட்டுக் கருவி வாங்கினால் போகுமா?

பதில்: இந்த வரிசையில் மிகவும் மதிக்கத்தக்க கேள்வி இதுவே. அந்த ‘ம்ம்ம்’ பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து எழுப்பும் ரீங்காரம். மண்ணோடு இணைப்பில்லாத சார்ஜர் வழியாகவும், மேலே சுழலும் மின்விசிறி வழியாகவும் அது பதிவுக்குள் நுழைகிறது. சார்ஜரைப் பிடுங்கி, விசிறியையும் நிறுத்திவிட்டுக் கட்டையில் ஓட்டிக் கேட்டால் ரீங்காரம் மறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மறைந்தால் புதுக் கருவிக்குக் காசு மிச்சம். மறையாவிட்டால் அது ஆலையிலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ காற்றில் வரும் மெய்யான ஒலி. அதற்கு மருந்து இடம் மாறுவதும் நேரம் மாறுவதுமே. திண்ணையைவிட, துணிமணி நிறைந்த உள்ளறை எதிரொலியை விழுங்கும். ஆற்றோரம் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் என்று பெரியவர் சொன்னால் அவர் சொற்படியே போகலாம். அங்கே காற்று மைக்கில் மோதிப் படபடக்காதிருக்கப் பஞ்சு உறையின் மேல் முடியுள்ள துணி உறையும் வேண்டும்.

கருவியை அவர் வாய்க்கு ஒரு முழத்துக்குள், மேசையின் அதிர்வு ஏறாமல், மடித்த துண்டின் மேல் வைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ அளவில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ ஒரு ஜி.பி. இடம் பிடிக்கும் என்பதால், 32 ஜி.பி. அட்டையில் 30 மணி நேரம் அடங்கும். இடத்துக்கு அஞ்சித் தரத்தைக் குறைக்கத் தேவையில்லை. பதிவை யார் யார் கேட்கலாம் என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொல்வதையும் பதிவிலேயே சேர்க்க வேண்டும். புதுக் கட்டை போட்டு, விசிறியை நிறுத்தி, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிந்த பின், பெரியவர் தம் பெயரையும், தெருவையும், அன்றைய தேதியையும் தம் வாயாலேயே சொல்லித் தொடங்கட்டும்.