ஐப்பசித் தடாகம்

கரப்பந்தாட்டம் 1991இலேயே நம் தேசிய விளையாட்டாகிவிட்டது. அதைத் தண்ணீருக்குள் ஆடும் நாகரிகம் மட்டும் ஏன் கொழும்பு ஹோட்டல்களோடு நிற்க வேண்டும்? பதுளை டவுன் பொடியன்களுக்கும் பசறைப் பக்கத்துத் தோட்டப் பொடியன்களுக்கும் ஒரு நட்புப் போட்டி வைத்துவிடலாம். தடாகத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. ஐப்பசி பிறந்தால், வடிகான் இல்லாத தோட்ட மைதானம் தானாகவே நிரம்பிவிடும். குளோரின் வாடை கிடையாது; அட்டை இலவசம். தேர்தலுக்குத் தேர்தல் ‘மைதானத்தைச் சீராக்கித் தருவோம்’ என்று சொல்லிவிட்டு, கைவைக்காமல் விட்டார்களே, அந்தத் தூரநோக்கு இப்போதுதான் நமக்குப் புரிகிறது.

சவுக்குக் கம்பு இரண்டு, வலைக்குப் பழைய கொழுந்துச் சாக்கு. பந்து சரிவில் உருண்டால், கீழ் மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார் தேடித் தருவார்கள். அந்த நேரத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்; விளையாட்டு உணர்வு என்றால் சும்மாவா!

வெற்றி தோட்டத்துக்கே. முழங்கால் தண்ணீரில் நிற்கும் பயிற்சி அவர்களுக்கு லயத்து வாசலிலேயே கிடைக்கிறது. டவுன்காரருக்கு அந்த வசதி ஏது?

சிக்கல் ஒன்றுதான்: இடைவேளையில் ஆட்டக்காரர் குடிக்கத் தண்ணீர். பீலி இரண்டு மாதமாக வரவில்லை. பவுசருக்குச் சொல்லியிருக்கிறது. மழை விட்டதும் அனுப்புவார்களாம்.